சொன்ன சொல்லும் பிள்ளையின் நம்பிக்கையும்



அழுதால் தாய் வருகிறாள். பசித்தால் பால் கிடைக்கிறது. இது நாளும் நடப்பதால் குழந்தை பிறரை நம்பப் பழகுகிறது. முதல் ஆண்டிலேயே இந்த அத்திவாரம் இடப்படுவதாக உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950 இல் எழுதினார்.

அத்திவாரம் பின்னரும் ஆட்டம் காணலாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை எல்லவிலுள்ள நாம் மறக்கவில்லை. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இல்தான். "வீடு வரும்" என்று அத்தனை காலம் கேட்ட பிள்ளை பெரியவர்களின் வார்த்தையைப் பற்றி என்ன கற்றிருக்கும்?

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுவரையான 28 பிள்ளைகளிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு 2013 இல் வெளியானது. நல்ல வர்ணங்கள் கொண்டுவருவதாகப் பெரியவர் ஒருவர் சொன்னார். ஒரு பகுதியினருக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்தார். பின்னர் ஓர் இனிப்பை வைத்து, உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்னார். முதற்பகுதியினர் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர்; ஏமாந்தவர்கள் 3 நிமிடமே. பொறுமையில்லாதவன் என்று நாம் ஏசும் பிள்ளை, ஏமாந்த பிள்ளையாக இருக்கலாம்.

வளர்ந்த பிள்ளைகள் சொல்லையும் செயலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்களிடம் மழுப்ப வேண்டாம்.

ஆகவே, உங்கள் கையில் இல்லாததை வாக்களிக்காதீர்கள். "வீடு எப்போது என்று தெரியாது, தெரிந்ததும் உனக்குச் சொல்வேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னால் ஆறு மணிக்கு வாருங்கள். தவறினால், பிள்ளையிடமும் மன்னிப்புக் கேளுங்கள். காணி இழந்த வீட்டிலும் இதை விதைக்கலாம்.