வெண்பன்றி இறைச்சியில் இனிப்புக் காரத் தொக்கு

வெண்பன்றி வளர்க்கும் சிறு விவசாயிகள் பெரும்பாலும் பன்றிகளை உயிர் எடைக்கே வியாபாரியிடம் கொடுத்துவிடுகின்றனர். விசேஷ காலங்களில் உள்ளூரில் ஒரு பன்றி அறுபட்டால் தொடைக் கறியும் தோள் கறியும் விலாக் கறியும் உடனே தீர்ந்துவிடும். சதையும் கொழுப்பும் அடுக்கடுக்காக அமைந்த அடிவயிற்றுப் பகுதியோ "ஒரே கொழுப்பு" என்று கடைசியில் மிஞ்சும். அல்லது குறைந்த விலைக்குப் போகும்.

அமெரிக்காவில் இந்த அடிவயிற்றுப் பகுதிக்குத்தான் நல்ல கிராக்கி. அதை உப்பிலும் சர்க்கரையிலும் ஊற வைத்து, புகையூட்டிப் பதப்படுத்தினால் அதுவே 'பேக்கன்'. பேக்கனைப் பொடியாக நறுக்கி, அதன் கொழுப்பிலேயே வெங்காயத்தை வதக்கி, சர்க்கரை, வினிகர், காப்பி டிகாக்‌ஷன் சேர்த்துக் கிளறி, ரொட்டியில் தடவும் பக்குவத்தில் இறக்குகின்றனர். இனிப்பு, புளிப்பு, காரம், உப்பு நான்கும் கலந்த இந்தப் பண்டத்துக்கு அங்கே 'பேக்கன் ஜாம்' என்று பெயர். நம் வீட்டில் கிடைக்கும் கருப்பட்டி, சின்ன வெங்காயம், மிளகு ஆகியவற்றைக் கொண்டு இதை எளிதாகச் செய்யலாம். தோசைக்கும் சப்பாத்திக்கும் நல்ல துணையாக இருக்கும்.

பெயர்தான் ஜாம். பார்வைக்கும் பக்குவத்துக்கும் தொக்கு. ஆனால் ஜாமைப் போலவோ ஊறுகாயைப் போலவோ இதை அலமாரியில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது. செய்முறையோடு இந்த ஒரு செய்தியையும் வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டும். காரணத்தைப் பின்னர் விளக்குவோம்.

இறைச்சியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல தீவனம் கொடுத்து, கொட்டிலில் அடைத்து வளர்த்த பன்றியின் இறைச்சியையே வாங்க வேண்டும். தெருவில் திரியும் பன்றியின் இறைச்சி கூடாது. அனுமதி பெற்ற இறைச்சிக் கூடத்தில், கால்நடை மருத்துவர் பரிசோதித்த இறைச்சியாக இருப்பது நலம்.

வாங்கிய இறைச்சியை வெட்டும்போது சதையின் நடுவே நன்றாகப் பார்க்கவும். ஊறிய ஜவ்வரிசியைப் போல வெண்மையான சிறு நீர்க்கொப்புளங்கள் தென்பட்டால் அந்த இறைச்சி உணவுக்கு ஆகாது. அவை நாடாப்புழுவின் இளம் பருவம். அப்படிப்பட்ட இறைச்சியை அரைவேக்காட்டில் உண்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள் குடிநீரிலோ காய்கறியிலோ கலந்து மற்றவர் வயிற்றுக்குள் போனால், மூளையில் கட்டிகள் உண்டாகி வலிப்பு நோய் வரலாம். கழிப்பறையைப் பயன்படுத்துவதும், பன்றியைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதும், இறைச்சியை முழுமையாக வேக வைப்பதும் இந்தச் சங்கிலியை அறுக்கும் மூன்று வழிகள். உப்பில் ஊற வைத்தாலே புழு செத்துவிடும் என்று நம்பிவிட வேண்டாம்.

தேவையான பொருட்கள்

அடிவயிற்று இறைச்சி (தோல் நீக்கியது) - 1 கிலோ
கல் உப்பு (பொடித்தது) - 25 கிராம்
உப்புடன் கலக்க நாட்டுச் சர்க்கரை - 15 கிராம்
மிளகு (ஒன்றிரண்டாக இடித்தது) - 10 கிராம்
சின்ன வெங்காயம் - 500 கிராம்
பூண்டு - 50 கிராம்
கருப்பட்டி - 150 கிராம்
வினிகர் - 100 மில்லி
கெட்டியான காப்பி டிகாக்‌ஷன் - 50 மில்லி
மிளகாய்த் தூள் - 2 தேக்கரண்டி

உப்பைக் கைப்பிடி அளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடவும். குறைந்தால் ஊறலின் பயன் கிடைக்காது. கூடினால் வாயில் வைக்க முடியாது.

உப்பில் ஊற வைத்தல்

இறைச்சியை மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள நீளத் துண்டுகளாக வெட்டிக் கொள்ளவும். முழுத் துண்டமாக ஊற வைத்தால் உப்பு நடுப்பகுதிக்குப் போய்ச் சேரப் பல நாட்கள் ஆகும். மெல்லிய துண்டுகளானால் இரண்டு நாள் போதும்.

உப்பு, நாட்டுச் சர்க்கரை, மிளகு மூன்றையும் கலந்து எல்லாப் பக்கமும் படும்படி தேய்க்கவும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கவும். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் வேண்டாம். ஒரு நாள் கழித்துத் துண்டுகளைத் திருப்பிப் போடவும். பாத்திரத்தில் நீர் கசிந்திருப்பது இயல்பானதே. உப்பு இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுப்பதன் அடையாளம் அது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் ஊற வைக்கும் வேலையை விட்டுவிட்டு, அன்று வாங்கிய இறைச்சியில் அன்றே 20 கிராம் உப்புடன் தொக்கு செய்து, அன்றே உண்டு தீர்ப்பது நல்லது. நம் ஊர் வெயிலில், சமையலறை மேடையில் இரண்டு நாள் இறைச்சியை ஊற வைப்பது ஆபத்து.

சிலர் பேக்கனுக்குரிய இளஞ்சிவப்பு நிறத்துக்காக வெடியுப்போ நைட்ரைட் உப்போ சேர்க்கலாமா என்று கேட்பதுண்டு. ஆலைகளில் நைட்ரைட்டை ஒரு கிலோ இறைச்சிக்கு மில்லிகிராம் கணக்கில், துல்லியமாக அளந்து சேர்க்கின்றனர். வீட்டுத் தராசில் அந்த அளவை நிறுக்க முடியாது. அளவு மீறினால் அதுவே நஞ்சு. ஆகவே வீட்டில் வேண்டாம். நம் தொக்கு பழுப்பு நிறமாகத்தான் வரும். சுவையில் குறை இராது.

கிளறும் முறை

ஊறிய துண்டுகளைக் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, சுண்டைக்காய் அளவு துண்டுகளாக நறுக்கவும். மூழ்கும் அளவு நீர் விட்டு, சதை மசியும் பதம் வரும் வரை அரை மணி நேரம் கொதிக்க வைக்கவும். பின்னர் நீரை வடித்துவிடவும்.

அடி கனமான வாணலியில் வெந்த துண்டுகளைப் போட்டு மிதமான தீயில் வதக்கவும். எண்ணெய் விடத் தேவையில்லை. கொழுப்பு தானே உருகி வரும். துண்டுகளின் ஓரம் பொன்னிறமானதும் அவற்றை அரித்து எடுக்கவும். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்து விடவும். கொழுப்பு அதிகமாக நின்றால் தொக்கு ஆறியதும் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

அதே கொழுப்பில் நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் சிறு தீயில் இருபது நிமிடம் வதக்கவும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெங்காயம் கருகிக் கசக்கும். வெங்காயம் சுருண்டு நிறம் மாறியதும் மிளகாய்த் தூள் சேர்க்கவும். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றவும். அதனுடன் வினிகரையும் டிகாக்‌ஷனையும் விட்டு, இறைச்சித் துண்டுகளைத் திரும்பப் போட்டுக் கிளறவும்.

அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் நீர் வற்றி, கரண்டியால் வாணலியின் அடியில் கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாத பதம் வரும். அப்போது இறக்கவும். மேலும் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. மையாக வேண்டுமானால் மத்தால் மசித்தோ மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றியோ கொள்ளலாம். மிக்ஸியில் அரைத்தால் மறுபடியும் வாணலியில் ஒரு கொதி விட வேண்டும். இந்த அளவில் சுமார் 800 முதல் 900 கிராம் தொக்கு கிடைக்கும்.

ஏன் அலமாரியில் வைக்கக் கூடாது?

பழ ஜாம் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் கரைந்துள்ள சர்க்கரை முதலிய திடப்பொருள் 65 சதவீதத்துக்கு மேல் இருப்பதும் பழத்தின் புளிப்பும் ஆகும். மாங்காய் ஊறுகாயைக் காப்பது அதன் மிகுதியான உப்பும் புளிப்பும். உப்புக்கண்டம் பல நாள் இருப்பது, அது கட்டை போல உலர்ந்து நீர்ச்சத்தை இழந்துவிட்டதால்.

நாம் செய்த தொக்கில் இவற்றில் எதுவும் போதிய அளவில் இல்லை. கருப்பட்டி மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உப்பு மூன்று சதவீதத்துக்கு மேல் போகாது. வினிகரில் பெரும்பகுதி நீர், புளிப்போ கொஞ்சம். ஈரமும் நிறைய இருக்கிறது. சுவைக்குப் போதுமான உப்பும் புளிப்பும் சர்க்கரையும் பாதுகாப்புக்குப் போதுமானவை அல்ல.

இப்படிப்பட்ட உணவில் வளரக்கூடிய ஒரு கிருமி 'கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்'. 1895-ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்ஜியம் நாட்டின் எலசெல் என்ற கிராமத்தில், ஒரு சாவுச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர் 34 பேர் உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சியை உண்டனர். பலர் நோயுற்றனர். மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கம் என்ற அறிஞர் அந்த இறைச்சியிலிருந்துதான் இக்கிருமியை முதன்முதலில் பிரித்தெடுத்தார். உப்பிட்ட இறைச்சியாயிற்றே என்ற நம்பிக்கை எத்தனை பெரிய விபரீதத்தில் முடியும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இக்கிருமிக்குக் காற்று ஆகாது. காற்றில்லாத இடத்தில்தான் செழிக்கும். ஊறுகாய் ஜாடியில் மேலே எண்ணெய் நிற்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் கற்றுத் தந்த பாடம். அது பூஞ்சணத்தைத் தடுக்கும். ஊறுகாயில் புளிப்பும் உப்பும் உள்ளதால் அங்கே சரி. இறைச்சித் தொக்கின் மேல் கொழுப்பை ஊற்றி மூடினாலோ காற்றைத் தடுத்து, இக்கிருமிக்கு நாமே இடம் கொடுத்தது போலாகும்.

கிருமியின் வித்துகள் தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரி சூட்டிலும் சாவதில்லை. டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் அழுத்தத்தின் துணையால் 121 டிகிரி வரை சூடேற்றுகின்றனர். வீட்டுக் குக்கரில் பாட்டிலை வைத்து அவிப்பதை அதற்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. கெட்டியான தொக்கின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேருவது மிகத் தாமதம். இன்னொரு தொல்லை, நஞ்சு உண்டான உணவில் நாற்றமோ சுவை மாற்றமோ இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மோந்து பார்த்துத் தீர்மானிப்பது கூடாது.

பொருள் இரண்டாகத் தெரிதல், இமை தொங்கிப் போதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். உண்டவருக்கு இவை கண்டால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.

சேமிக்கும் முறை

1. கொதிநீரில் கழுவி உலர்த்திய 100 அல்லது 200 கிராம் கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பவும். பெரிய ஜாடி வேண்டாம்.

2. தயாரித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இரவு முழுவதும் மேடையில் ஆறட்டும் என்று விடக் கூடாது.

3. பெட்டியின் குளிர் 5 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம். உறைநிலைப் பகுதியில் இரண்டு மாதம் வைக்கலாம்.

4. பாட்டிலில் தயாரித்த தேதியை எழுதி ஒட்டவும்.

5. உலர்ந்த கரண்டியால் வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நன்கு சூடாக்கி உண்ணவும். எஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் போட வேண்டாம்.

6. மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்று பெட்டியின் குளிர் போய்விட்டால் தொக்கைக் கொட்டிவிடவும். பொருளைப் பார்த்தால் உயிரைப் பார்க்க முடியாது.

இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதனை மிகக் குறைவாகவே உண்ண வேண்டும்.

கழிவு பன்றிக்கு வேண்டாம்

இறைச்சியை அலசிய நீர், வெட்டிய தோல், எஞ்சிய துண்டுகள் ஆகியவற்றைப் பன்றித் தொட்டியில் கொட்டுவது பலரின் பழக்கம். இதை அறவே விட வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேச மாநிலங்களில் முதலில் காணப்பட்டு, பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. இந்த நோய்க் கிருமி உப்பிட்ட பன்றி இறைச்சியில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மனிதரை இது தாக்காது. கொட்டிலில் நுழைந்தால் பன்றி மிஞ்சுவது அரிது. எனவே இறைச்சிக் கழிவைக் குழியில் புதைத்து, கையையும் பாத்திரத்தையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே கொட்டில் பக்கம் போகவும்.

விற்பனைக்கு முன்

வீட்டில் நன்றாக வந்துவிட்டது, சந்தையில் விற்கலாமே என்று தோன்றும். எண்ணம் நல்லதே. ஆனால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி பதிவோ உரிமமோ இல்லாமல் விற்கக் கூடாது. விற்பனைக்கான தொக்கில் புளிப்பு, நீர்ச்சத்து இரண்டையும் ஆய்வகத்தில் அளந்த பிறகே கெடு தேதி குறிக்க முடியும். கடை வரை குளிர்ப் பெட்டியிலேயே கொண்டு செல்லவும் ஏற்பாடு வேண்டும். இதற்கான ஆலோசனையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பெறலாம்.

முதலில் அரைக் கிலோ இறைச்சியில், மேற்கண்ட அளவுகளைப் பாதியாக்கி, வீட்டுக்கு மட்டும் செய்து பாருங்கள். ஒதுக்கப்பட்ட அடிவயிற்று இறைச்சி சுவையான உணவாக மாறுவதைக் காண்பீர்கள். செய்வதில் கவனம் ஒரு பங்கு, வைப்பதில் கவனம் இரு பங்கு என்பதை மறவாதீர்கள்.