ஹாரன் பிரேக் ஆகாது

மாலை நாலரை மணிக்கு மேல் தமிழ்நாட்டின் ஏதாவதொரு மாவட்டச் சாலையில் காரை ஓட்டிப் பாருங்கள். பள்ளி விட்டிருக்கும். சாலை முழுக்க ஒரே மாதிரி சைக்கிள்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டிகள் அவை. இரண்டு பேர் பேசிக்கொண்டே இணையாகப் போவார்கள், கேரியரில் இன்னொருவர். காரில் வருகிறவர் தூரத்திலிருந்தே ஹாரனை அழுத்துவார். வேகத்தை மட்டும் குறைக்க மாட்டார்.

சத்தம் கேட்டதும் பிள்ளை வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும். தலை திரும்பும் பக்கம் ஹேண்டில்பாரும் கொஞ்சம் இழுக்கும். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரனே சைக்கிளைக் காரின் வழிக்குள் கொண்டுவந்துவிடும்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஏறக்குறைய அந்த ஒரு விநாடி போய்விடும். அதன்பின் காய்ந்த தார்ச்சாலையில், நல்ல பிரேக் இருந்தால், இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடலாம். மொத்தம் 13 மீட்டர். அதே கார் 60இல் வந்தால்? அந்த ஒரு விநாடியிலேயே 16 மீட்டரைத் தாண்டிவிடும். 30இல் வந்த கார் நின்றுவிட்ட இடத்தை, 60இல் வந்த கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே முழு வேகத்தில் கடந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. நடப்பவரும் சைக்கிளும் வாகனங்களும் கலக்கும் தெருக்களில் 30தான் உச்ச வேகம் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

"ஓரமாப் போக வேண்டியதுதானே?" என்பது கார் ஓட்டுகிறவர்களின் நிரந்தரக் கேள்வி. ஓரத்தில் என்ன இருக்கிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்தால் தெரியும். மணல், உடைந்த தார் விளிம்பு, வடிகால் மூடி, நிறுத்திவைத்த லாரி. சைக்கிள்காரர் ஓர் அடி உள்ளே வருவது திமிரால் அல்ல. நடப்பவர் கதையும் இதேதான். பிளாட்பாரம் முழுக்கக் கடையும் பைக்கும் நின்றால் அவர் சாலையில்தான் இறங்க வேண்டும். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த வழக்கில், நடைபாதை உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைபாதை வரும்போது வரட்டும். அதுவரை இடம் விட வேண்டியது ஓட்டுநர்தான்.

எவ்வளவு இடம்? பிரிட்டனின் சாலை விதிநூல், மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விடச் சொல்கிறது. காரின் கதவை முழுக்கத் திறந்தாலும் சைக்கிளைத் தொடாத தூரம். எதிரே பஸ் வருகிறது, அவ்வளவு இடமில்லை என்றால் சைக்கிளுக்குப் பின்னாலேயே மெதுவாகப் போக வேண்டும். முந்திப் போய் உடனே இடப்பக்கம் கட் அடித்துத் திரும்புவது இன்னும் மோசம். திரும்பப் போவது தெரிந்தால் சைக்கிளை முதலில் போக விடுங்கள்.

கதவைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு. நெதர்லாந்துக்காரர்களின் பெயரால் அறியப்படும் எளிய வழி ஒன்று இருக்கிறது: கதவிலிருந்து தள்ளியிருக்கும் கையால் திறப்பது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் இடக்கையால் திறக்க வேண்டும். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வரும் சைக்கிளைப் பார்த்துவிடும்.

சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். நம் ஊரில் அப்படி நின்றால் பின்னால் இருப்பவர் திட்டுவார், திட்டட்டும். பக்கத்து வண்டி கிராசிங் முன் நின்றிருந்தால் அதைத் தாண்டிப் போகவே கூடாது. அது மறைத்துக்கொண்டிருப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கும் ஆயிரக்கணக்கானோர் இரவில் நடக்கிறார்கள். பகலில் பளிச்சென்று தெரியும் அவர்களின் காவி, பச்சை உடைகள் இருட்டில் தெரியவே தெரியாது. அதிலும் எதிர் வண்டி ஹை பீமில் வந்தால், இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவில் நடப்பவர் கண்ணுக்கு மறைந்தே போவார். நீங்கள் லைட்டைத் தாழ்த்துங்கள், கூடவே வேகத்தையும் குறையுங்கள். அந்த வண்டி கடந்த பிறகும் கண் பழகச் சில விநாடி பிடிக்கும். அதுவரை ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம்.