சாண எரிவாயு: மாட்டுக்கேற்ற கலன் கட்டுங்கள்

சில தோட்டங்களின் மூலையில் துருப்பிடித்த இரும்புக் கொப்பரை ஒன்று கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது சாண எரிவாயுக் கலனின் மூடி. இன்று அதன் நிழலில் கோழி படுத்திருக்கும். கேட்டால், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க" என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிடுவார். விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் குறை கலனில் இராது, தொழுவத்தில்தான் இருக்கும். அந்தக் கலனுக்கு வேண்டிய சாணம் அங்கே கிடைப்பதில்லை.

கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். வளர்ந்த மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். எருமை 15 கிலோ வரை போடும். ஆனால் பகல் முழுதும் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் ஏறத்தாழப் பாதிதான் தொழுவத்தில் விழும். ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். ஆகவே தினம் ஒரு கன மீட்டர் வாயு வேண்டுமானால் 25 கிலோ சாணம் தேவை; 2 கன மீட்டருக்கு 50 கிலோ. கட்டித் தீவனம் போடும் மூன்று மாடுகள் உள்ளவர் ஒரு கன மீட்டர் கலனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதே மூன்று மாடுகளை மேய விடுகிறவருக்கு அதுவும் கட்டாது. மானியம் கூடுதலாக வருகிறதே என்று பெரிதாகக் கட்டியவர்கள்தான் பெரும்பாலும் பின்னால் கைவிட்டவர்கள்.

ஒரு கன மீட்டர் வாயு மூன்று, நான்கு பேருக்குச் சமைக்கப் போதும். அது சுமார் 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். மாதக் கணக்கில் 13 கிலோ ஆகிறது, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

அதே 25 கிலோ சாணத்தை வறட்டி தட்டினால் காய்ந்தபின் 5 கிலோதான் தேறும். அதன் சூட்டிலும் பத்தில் ஒரு பங்களவே பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். வாயு அடுப்பில் பாதிக்கு மேல் சேருகிறது. தழைச்சத்து முழுதும் புகையோடு போய்விடுவது இன்னொரு நட்டம். கலனில் அப்படி இல்லை. சாணத்தில் உள்ள கரிப்பொருள் மட்டுமே மீத்தேன் வாயுவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தழைச்சத்து வெளிவரும் சாணக் கரைசலில் தங்கிவிடுகிறது.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் பரப்பிய கலனில் இரும்புக் கொப்பரை மிதக்கும். வாயு சேரச்சேர அது மேலே எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்டுதோறும் வர்ணம் பூசாவிட்டால் துரு தின்றுவிடும். இரும்பே இல்லாமல் செங்கல், சிமெண்டால் கட்டும் ஜனதா மாதிரி 1978இலும், அதைவிடச் செலவு குறைந்த தீனபந்து மாதிரி 1984இலும் வந்தன. இவற்றில் மேல் கூரையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்துவிடும். ஆகவே பழக்கப்பட்ட கொத்தனாரையே அமர்த்துங்கள். உறவுக்காரர் என்பதற்காக யாரையும் விட வேண்டாம்.

முதல்முறை நிரப்பப் பொறுமை வேண்டும். நாற்பது நாள் கரைசல் தங்கும்படி கட்டிய 2 கன மீட்டர் கலனுக்கு ஏறத்தாழ 2 டன் சாணமும் அதே அளவு தண்ணீரும் பிடிக்கும். அக்கம்பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து சில குடம் கரைசல் வாங்கி ஊற்றினால் வேலை சீக்கிரம் தொடங்கும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயுவே மிகுதி, எரியாது. அதைத் திறந்து வெளியேற்றிவிடுங்கள். இதைப் பார்த்துவிட்டு "ஏமாந்துவிட்டோம்" என்று சோர்ந்தவர்களும் உண்டு. சோதிக்கும்போது அடுப்பில் மட்டுமே தீக்குச்சி பற்றவைக்க வேண்டும். கலனின் வாயில் ஒருபோதும் கூடாது. காற்றோடு கலந்த வாயு வெடிக்கும்.

பிறகு தினசரி வேலை கால் மணிநேரம்தான். சாணமும் தண்ணீரும் சம அளவு. வைக்கோல், மண், கல் இவற்றைப் பொறுக்கிவிட்டுக் கரைக்க வேண்டும். வைக்கோல் மேலே ஏடு கட்டி வாயுவை அடைக்கும். மண் அடியில் தங்கிக் கலனின் கொள்ளளவைக் குறைக்கும். சோப்புத் தண்ணீர், பினாயில் சேரவே கூடாது. மாட்டுக்கு மருந்து ஊசி போட்டிருந்தால் சில நாள் அந்தச் சாணத்தைத் தனியே எருக்குழியில் போடுங்கள். அடுப்பில் தீ துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. வடிகுழாயைத் திறந்து வடித்தால் சரியாகும். மார்கழி, தை மாதங்களில் வாயு குறைவது இயல்பு. வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஓரளவு ஈடு கட்டலாம்.

கரைசலை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் இலாபம் இருக்கிறது. பலர் அதை வெயிலில் பரப்பி உலர்த்துகிறார்கள். இது தவறு. தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாக இருப்பதால் காற்றில் பறந்துவிடும். பாசனத் தண்ணீரோடு வாய்க்காலில் கலந்து விடலாம். அல்லது குழியில் இலை தழை, சோளத்தட்டைத் துண்டு, குப்பை ஓர் அடுக்கு, அதன்மேல் கரைசல் ஓர் அடுக்கு என்று போட்டு மக்க வைக்கலாம். இரண்டாவது முறையில் உரத்தின் அளவும் கூடும். கரைசலில் ஈ மொய்க்காது. களை விதைகள் பெரும்பாலும் முளைப்புத்திறன் இழந்திருக்கும். வறட்டி தட்டியவருக்கு மிஞ்சுவது ஒரு கூடை சாம்பல்.

ஓர் எச்சரிக்கை. கலனைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ தாமாகவே உள்ளே இறங்காதீர்கள். மேலே திறந்திருந்தாலும் அடியில் விஷ வாயு தங்கியிருக்கும். ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன இன்னொருவரும் மாண்ட சோகங்கள் நடந்துள்ளன. கயிறு கட்டி இறங்குவதும் காப்பாகாது. பயிற்சி பெற்ற ஆட்களை அழைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மானிய விகிதம் அவ்வப்போது மாறுவதால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு, அனுமதி எழுத்தில் கையில் கிடைத்தபிறகே குழி தோண்டுங்கள். அதற்குமுன் ஒரு வாரம் தொழுவத்துச் சாணத்தைத் தினமும் கூடையில் அள்ளி எடை போட்டு எழுதி வையுங்கள். எத்தனை கன மீட்டர் கட்டலாம் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.