மெல்லிசைக் குழு

மெல்லிசைக் குழு என்பது திருமணம், கோயில் திருவிழா முதலிய நிகழ்வுகளில் திரைப்படப் பாடல்களை மேடையில் இசைக்கும் குழு ஆகும். பேச்சுவழக்கில் இது ஆர்க்கெஸ்ட்ரா எனப்படும். எஸ். பி. பாலசுப்பிரமணியம், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் திரைத்துறையில் புகழ்பெறுமுன் ஒரே மெல்லிசைக் குழுவில் இயங்கினர். எனினும், பெரும்பாலான குழுக்களின் உறுப்பினர் பலர் வேறு தொழிலும் செய்பவர்கள் ஆவர்.

வருவாய்

நிகழ்ச்சி நடத்துவோர் குழுத் தலைவரிடம் மொத்தத் தொகை பேசி முன்பணம் அளிப்பர். வண்டி வாடகை, ஒலிபெருக்கி வாடகை முதலியன போக எஞ்சுவதே கலைஞர்களுக்குப் பங்கிடப்படும். ஒத்திகைக்கும் பயணத்திற்கும் தனி ஊதியம் பெரும்பாலும் இல்லை. ஆடி மாதத்தில் திருமணங்கள் அரிது. அம்மன் கோயில் திருவிழாக்களே அப்போது வருவாய் தருகின்றன.

இடர்கள்

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி பயன்படுத்தப் பொதுவாகத் தடை உள்ளது. சடங்குகள் நீண்டு கச்சேரி தாமதமாகத் தொடங்கினால், பாடும் நேரம் குறைகிறது. அதைக் காரணம் காட்டி மீதித் தொகை குறைக்கப்படுவதும் உண்டு. மழையால் நிகழ்ச்சி நின்றால் முன்பணம் மட்டுமே மிஞ்சக்கூடும். ஆகவே தொகை, நேரம், நிறுத்த நேர்ந்தால் தரவேண்டிய இழப்பீடு ஆகியவற்றை முன்னரே எழுத்தில் பெறுவது குழுவிற்குப் பாதுகாப்பாகும். 2020இல் கொரோனா ஊரடங்கினால் திருவிழாக்கள் நின்றபோது, மேடையை மட்டுமே நம்பிய கலைஞர்கள் வருவாய் இழந்தனர்.