'பாலினேட்டர்': ஒரு சொல், இரு பொருள்

தோட்டக்கலை நூல்களில் 'பாலினேட்டர்' என்னும் ஆங்கிலச் சொல், மகரந்தத்தைச் சுமந்து செல்லும் தேனீ முதலியவற்றையும் மகரந்தம் வழங்கும் துணைச்செடியையும் ஒருங்கே சுட்டுகிறது. பின்னதற்குப் 'பாலினைசர்' என்னும் தனிச்சொல் இருப்பினும் பலர் அதனைப் பேணுவதில்லை.

லடாக்கின் கடுங்குளிரைத் தாங்கும் சீபக்தார்ன் என்னும் பழப்புதரில் இம்மயக்கம் தீங்கு விளைக்கும். (இதனைக் 'கடல்முள்' எனப் பெயர்ப்போர் லடாக்கில் கடலில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.) அதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு, மகரந்தத்தைக் கொண்டுசெல்வது காற்று. ஆறு பெண்செடிகளுக்கு ஒரு 'பாலினேட்டர்' என்னும் அளவைப் பூச்சியெனப் பெயர்த்தால், வீட்டுத் தோட்டத்தில் பெண்செடிகள் மட்டுமே நிற்கும், காய் பிடிக்காது. செடி பூக்கும் வரை, அதாவது மூன்று நான்கு ஆண்டுகள், பிழை புலப்படாது.

'மகரந்தங்கொணரி', 'மகரந்தக் கொடைச்செடி' என இரு சொற்களை ஆளலாம். புளூபெரிக்குத் தேனீயும் வேண்டும், வேற்று வகைச் செடி அருகிருப்பதும் நன்று; அங்கு இவ்விரு சொற்களும் ஒரே தொடரில் வந்தாக வேண்டும்.