திடீரென்று பால் குடிக்க மறுக்கும் குழந்தை

நேற்றுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை, இன்று மார்பருகே கொண்டுபோனாலே உடம்பை வில்லாக வளைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். இந்தத் திடீர் மறுப்பு பெரும்பாலும் 3 முதல் 8 மாதத்துக்குள் வரும். வழக்கமாக 2 முதல் 4 நாளில் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு ஒரு வாரத்தையும் தாண்டும். ‘கண் பட்டிருக்கும்’, ‘பால் பத்தலை’, ‘தானே மறந்துடுச்சு’ என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் ஒரு வயதுக்கு முன் குழந்தை தானாகப் பாலை மறப்பது அரிது. அப்படி மறந்தாலும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கும். ஒரே நாளில் மறுக்கிறது என்றால் ஏதோ ஒரு தொந்தரவு இருக்கிறது என்றே பொருள். தாயை வெறுக்கிறது என்பதல்ல.

முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் உடம்பை. மூக்கடைத்திருந்தால் உறிஞ்சிக்கொண்டே மூச்சுவிட முடியாது. காதில் தொற்று இருந்தால் ஒரு பக்கமாகப் படுக்கும்போது வலிக்கும். பல் முளைக்கும் ஈறு தடித்திருக்கும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளையாகப் படிந்து, ஈரத்துணியால் துடைத்தும் போகாவிட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். 6, 10, 14ஆம் வாரங்களில் தடுப்பூசி போட்ட பிறகு தொடை வலியால் வழக்கமாக மடியில் கிடத்தும் விதம் ஒத்துவராமல் போகலாம்.

தாயின் பக்கமும் காரணம் இருக்கும். புது சோப்பு, சென்ட், தைலம் ஆகியவற்றின் வாசனை குழந்தையைக் குழப்பும். பல் பட்டதும் தாய் அலறியிருந்தால் குழந்தை மிரளும். மார்பில் அழற்சி வந்தால் பாலில் உப்புச் சுவை கூடும்.

சென்னையில் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தபடி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. அதில் 8 வாரம்வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஆகவே அடையாறிலிருந்தோ தி.நகரிலிருந்தோ ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்குத் தாய் திரும்பும்போது குழந்தைக்கு 4 முதல் 6 மாதம் ஆகியிருக்கும். மறுப்பு வரும் வயதும் அதுதான். பகலெல்லாம் புட்டியில் வேகமாக வரும் பாலுக்குப் பழகிய குழந்தை, மார்பில் பால் இறங்கும்வரை பொறுத்திருக்காது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை அங்கே போய்வரலாம் என்பதும் அதே திருத்தம் கொண்டுவந்த உரிமை.

மறுப்பு நீடிக்கும்வரை, வழக்கமாகப் பால் கொடுக்கும் நேரங்களிலெல்லாம் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். எடுத்த பால் 25 டிகிரி வெப்பம்வரை 4 மணி நேரம் வெளியே தாங்கும். சென்னை வீடுகளின் வெப்பம் அதைவிட அதிகம் என்பதால் உடனே ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

அந்தப் பாலைப் புட்டியைவிடப் பாலாடையில் (மூக்குவைத்த சிறு கிண்ணத்தில்) கொடுப்பது மேல். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கொதிநீரில் சுத்தம் செய்த பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, அதுவே உறிஞ்சி விழுங்கும்படி சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. எவ்வளவு வெயிலானாலும் 6 மாதம் முடியும்வரை தண்ணீர் தேவையில்லை.

தலையைப் பிடித்து மார்பில் அழுத்தினால் மறுப்பு முற்றும். பால் கொடுக்கும் எண்ணமே இல்லாமல் மேலோடு மேல் படும்படி அணைத்திருப்பது, தூளியிலிருந்து எடுத்த அரைத்தூக்கத்தில் கொடுத்துப் பார்ப்பது, டிவியை நிறுத்திவிட்டு மங்கிய வெளிச்சத்தில் நடந்தபடியே கொடுப்பது ஆகியவை பலன் தரும். முதலில் கையால் சில சொட்டு பீய்ச்சிவிட்டால் வாய் வைத்ததும் பால் வரும். ஈறு வலிக்கு, குளிர்ந்த ஈரத்துணியால் முன்கூட்டியே ஒத்தி எடுக்கலாம்.

ஒரு நாளில் 6 முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போவது, உச்சிக்குழி உள்வாங்குவது, வாய் உலர்வது, காய்ச்சல், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை பாலை மறுத்தால் வீட்டில் காத்திருக்கவே கூடாது. அது கடும் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.