ஈயத் துளி கற்பித்த பாடம்



ஈயம் என்னும் பெயரால் நாம் இரண்டு உலோகங்களை அழைக்கிறோம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இன்று நான் பேசப் புகுவது மற்றொன்றாகிய காரீயத்தைப் பற்றி. நீரைவிடப் பதினொரு மடங்குக்கு மேல் கனமுள்ள இவ்வுலோகம் 327 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். ஆதலின், மேல்நாடுகளில் துப்பாக்கி வைத்திருந்தோர் தமக்கு வேண்டிய குண்டுகளை வீட்டு அடுப்பிலேயே வார்த்துக்கொண்டனர். இரு பாதியாகத் திறக்கும் அச்சினுள் ஈயத்தை ஊற்றி, ஆறியபின் எடுத்து, ஊற்றுவாயில் எஞ்சிய காம்பினை வெட்டிவிடுவர்.

பெரிய குண்டுக்கு இம்முறை போதும். பறவை வேட்டைக்குரிய சிறு ரவைகளை ஒவ்வொன்றாக வார்த்து முடியுமா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வாழ்ந்த வில்லியம் வாட்ஸ் என்பவர் இதற்கு வழி கண்டு, 1782இல் காப்புரிமை பெற்றார். தம் வீட்டின்மேல் கோபுரம் எழுப்பி, கீழே நிலத்தையும் அகழ்ந்து, உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே விழச் செய்தார். கீழே நீர்த்தொட்டி இருந்தது. அச்சே இல்லாமல் உருண்டையான ரவைகள் கிடைத்தன!

இது எவ்வாறு நிகழ்ந்தது? திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் சுருங்கவே முயலும். இதுவே பரப்பு இழுவிசை. ஒரே கன அளவுள்ள வடிவங்களுள் மிகக் குறைந்த பரப்புடையது கோளம். எனவே விழும் துளி உருண்டையாகிறது. விழும்போதே குளிர்ந்து இறுகத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய நேரத்தைத் தருவதே கோபுரத்தின் உயரம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1828இல் கட்டிய இத்தகைய கோபுரம் 234 அடி உயரமுடையது, இன்றும் நிற்கிறது.

இதனை வகுப்பில் காட்ட விரும்பி, ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து நீரில் விட்டேன். உயரம் போதாமையால் ஈயம் கோணல்மாணலாக இறுகியது. மாணவர் அத்துண்டுகளைக் கைமாற்றிப் பார்த்து மகிழ்ந்தனர். மணி அடித்தது, அக்கையோடே சோறு உண்ணச் சென்றனர். கை கழுவுங்கள் என்று சொல்ல நான் மறந்தேன். சன்னல்களையும் திறந்து வைக்கவில்லை.

அப்பிழை இன்றும் என்னை உறுத்துகிறது. ஈயம் புகையாகவும் தூசாகவும் உடலுட் புகும், எலும்பில் தங்கும், சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. சதுப்பு நிலங்களில் சிதறிய ரவைகளை, இரையை அரைக்க உதவும் பருக்கைக்கல்லென்று கருதி விழுங்கிய வாத்துகள் நஞ்சேறி மடிந்தன. அதனால் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1991இல் நாடெங்கும் தடை செய்தது.

மாணவர்களே, வாட்ஸ் கண்ட உண்மையைக் காண உங்களுக்கு ஈயம் வேண்டியதில்லை. சேம்பிலை ஒன்றைப் பறித்து, அதன்மேல் சிறிது நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்துப்போல் உருளும் அத்துளிகளே போதும்.